மரங்களுக்குள் மனித முகம் தெரியும் பழைய ஆங்கிலப் பேய்ப்படம்: பெயர் யாருக்காவது தெரியுமா?

துறையடிப் பேத்தி எழுதியது:

வணக்கம். நெடுநாள் வாசித்து வந்தாலும் இங்கே எழுதுவது இதுவே முதல்தடவை. ஒரு படத்தின் பெயர் வேண்டும். ஆங்கிலப் படம், பேய்ப்படம், பழையது. நடிகர் யாரென்று தெரியாது, தலைப்புத் தெரியாது, கதையின் தொடக்கமும் தெரியாது. ஏன் தெரியாது என்று சொல்லத் தொடங்கினால் நீளும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

1989 ஆகஸ்ட் விடுமுறை. எனக்குப் பதினொரு வயது. நாங்கள் அப்போது கல்முனையில் இருந்தோம். என் பெத்தாவின் (பாட்டியின்) வீடு அம்பிளாந்துறையில், துறையடிக்குச் சற்றுத் தள்ளி. குருக்கள்மடத்தில் பஸ்ஸால் இறங்கி, பாதையில் ஏறி மட்டக்களப்பு வாவியைக் கடந்தால் மேற்கே படுவான்கரை. (வெளியூர் நண்பர்களுக்கு: எங்கள் பக்கத்தில் 'பாதை' என்றால் ஆட்களையும் சைக்கிளையும் மாட்டையும் ஏற்றிக்கொண்டு நீரைக் கடக்கும் மிதவை. வீதியை நினைத்துக்கொண்டு தேடாதீர்கள்.)

அந்த வருடம் என் மாமா சவூதியில் ஐந்து வருடம் சாரதியாக இருந்துவிட்டுத் திரும்பியிருந்தார். ஒரு டெக் (வீடியோ கசெட் ஓட்டும் கருவி), ஒரு தொலைக்காட்சிப் பெட்டி, ஒரு பை நிறையக் கசெட்டுகள். ஊரில் மின்சாரம் இல்லை. களுவாஞ்சிகுடியில் மின்சாரம் தரும் ஒரு மெசினை வாடகைக்குப் பேசி, அதைப் பாதையில் ஏற்றி, இரண்டு சைக்கிள்களுக்கு நடுவே கயிற்றால் கட்டிக் கொண்டுவந்தார்கள். சிறுவர்கள் நாங்கள் துறையிலிருந்து வீடுவரை அதன் பின்னால் ஓடினோம். தேருக்குப் பின்னால்கூட அப்படி ஓடியதில்லை.

முற்றத்து மணலில் பாய் விரித்து ஊரே உட்கார்ந்தது. முதலில் பெரியவர்களுக்காக ஒரு சாமிப் படம். பிறகு இரண்டு எம்.ஜி.ஆர். படங்கள். இரண்டு மணிக்கு மேல் சனம் உட்கார்ந்த இடத்திலேயே சரிந்துவிட்டது. வாடகை விடியும்வரை கொடுத்தாயிற்று, மெசினை எதற்குச் சும்மா விடவேண்டும் என்று மாமா பைக்குள் கைவிட்டு ஒரு கசெட்டை எடுத்துப் போட்டார். அப்போது விழித்திருந்தவர்கள் மாமா, அவருடைய இரண்டு நண்பர்கள், நான், பெத்தா. பெத்தா இரவில் தூங்கி நான் பார்த்ததில்லை.

கசெட்டில் முதலில் வந்தது யாரோ ஒரு மலையாளியின் கல்யாணம். படத்தின் தொடக்கத்துக்கு மேலேயே பதிந்திருக்கிறார்கள். பெண்ணும் மாப்பிள்ளையும் தலையைக் குனிந்துகொண்டு நிற்கிறார்கள், தாலி ஏறப்போகிறது, திரை ஒருமுறை நடுங்கியது, அடுத்த கணம் பழங்காலத்து உடையில் வெள்ளைக்காரர்கள் ஆற்றில் ஒரு மிதவையில் போய்க்கொண்டிருக்கிறார்கள். "அட, நம்முடைய பாதை" என்றார் பெத்தா. தலைப்பு எனக்குத் தெரியாததற்கு அந்தக் கல்யாணம்தான் காரணம்.

இனி எனக்கு நினைவிருப்பவை.

ஒரு பாதிரியார் போன்ற ஆள் அந்தக் கூட்டத்துக்குத் தலைவர். நன்றாகப் பேசுவார், ஆனால் வேலைக்கு உதவாதவர். பெண்கள், சிறு பிள்ளைகள், ஒரு கிழவி கூட வருகிறார்கள். செம்பட்டை முடியோடு ஒரு இளம்பெண். பித்துப் பிடித்தவள் போலத் திரிவாள், ஆனால் மற்றவர்களுக்குத் தெரியாதது அவளுக்குத் தெரியும். கரையிலிருந்து அம்பு வருகிறது. பிறகு தோல் சட்டை போட்ட ஒரு வேட்டைக்காரர் சேர்ந்துகொள்கிறார். அவருக்குக் காடு தெரியும்.

காட்டுக்குள் ஓரிடத்தில் மரத்தில் வெள்ளை இறகுகள் கட்டியிருக்கிறது. அதைக் கண்டதும் பெத்தா வெற்றிலையை மெல்லுவதை நிறுத்திவிட்டார். "காவல் பண்ணி வைத்திருக்கிறார்கள். அதற்கு அப்பால் போகக் கூடாது" என்றார். பெத்தாவுக்கு ஆங்கிலத்தில் ஒரு சொல்லும் தெரியாது. படத்தில் அந்த வேட்டைக்காரரும் ஏறக்குறைய அதையே சொல்கிறார் என்று மாமா மொழிபெயர்த்தார். பாதிரியார் கேட்கவில்லை. உள்ளூர்ச் சனம் வராத இடமென்றால் நமக்கு அதுதான் பாதுகாப்பு என்று அங்கேயே குடியேறுகிறார். பெத்தாவுக்குக் கோபம் வந்துவிட்டது. பெத்தப்பா தாந்தாமலைப் பக்கம் சேனை வெட்டப் போன காலத்தில், முதல் மரத்தில் கத்தி வைக்குமுன் காட்டுத் தெய்வமான காடேறிக்கு மடை வைக்காமல் ஒரு குழையைக்கூட முறித்ததில்லையாம். "இவர்கள் கேட்காமல் கொள்ளாமல் போய்ப் பானையை வைக்கிறார்களே" என்று பெட்டியைப் பார்த்து ஏசினார்.

அதன்பிறகு மரப்பட்டையில் முகங்கள். மரத்துக்குள் யாரோ அடைபட்டுக்கொண்டு வெளியே பார்ப்பதுபோல. எனக்கு இன்றும் பெரிய மருத மரத்தைத் தனியே கடக்க முடியாது. வெட்கத்தோடுதான் சொல்கிறேன்; எனக்குக் கல்லூரியில் படிக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

இடையிடையே படம் கெட்டுக் கெட்டு வந்தது. ஆட்கள் திடீரென்று புகைப்படச் சுருளில் தெரிவதுபோல நிறம் மாறி எரிந்தார்கள். மாமா ஒவ்வொரு தடவையும் எழுந்து பெட்டியின் தலையில் ஒரு தட்டுத் தட்டினார். ஒரு தடவை டெக்கைத் திறந்து கொலோன் தொட்ட பஞ்சால் உள்ளே துடைத்தார்.

இன்னும் இரண்டு. ஒரு காட்சியில் ஒருவன் கோடாலியால் மரத்தை வெட்ட, வெட்டுவாயிலிருந்து இரத்தம் பீறிடுகிறது. அவன் பயந்துபோய்த் தன் வெள்ளைத் துணியை அவிழ்த்து மரத்தைச் சுற்றிக் கட்டுகிறான். இது எனக்கு மிகத் தெளிவாக நினைவிருக்கிறது. இன்னோர் இடத்தில் அந்த வேட்டைக்காரர் மற்றவர்களுக்கு எதையோ நெடுநேரம் விளக்கினார். அதுவரை வரிக்கு வரி சொல்லிவந்த மாமா அங்கே வாயை மூடிக்கொண்டார். "என்ன சொல்கிறான் மாமா?" என்று கேட்டேன். "ஒன்றுமில்லை. காட்டைப் பற்றி ஏதோ கதைக்கிறான்" என்றார்.

முடிவும் தெரியாது. மெசினில் எண்ணெய் தீர்ந்துவிட்டது.

அந்தக் கசெட் அடுத்த வருடத்து இடப்பெயர்வில் எங்கோ போயிற்று. யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள்.


ஏறாவூர் இளையவன் எழுதியது:

அக்கா, சந்தேகமே இல்லை, இது 'தி விட்ச்'. ரொபர்ட் எகர்ஸ் இயக்கியது. 1630களில் நியூ இங்கிலாந்து, ஊரைவிட்டு விலக்கப்பட்ட ஒரு குடும்பம், காட்டோரத்தில் தனி வீடு, சூனியக்காரி, கறுப்புக் கிடாய் ஆடு. பாருங்கள், இரண்டு நாள் தூக்கம் வராது.


துறையடிப் பேத்தி எழுதியது:

தம்பி, உதவிக்கு நன்றி. ஆனால் நீங்கள் சொல்லும் படம் 2015இல் வந்தது. நான் பார்த்தது 1989இல். ஆடும் வரவில்லை. ஆடு வந்திருந்தால் பெத்தா அதன் விலையைச் சொல்லியிருப்பார்; எனக்கும் மறந்திராது.


வடமராட்சியான் எழுதியது:

மந்திரம் போட்டு ஆளைப் பாயோடு ஒட்டவைக்கிற மட்டக்களப்பு ஊர்க்காரர் நீங்கள்! அமெரிக்கப் பேய்தான் உங்களைக் கண்டு மரத்துக்குள் ஒளிந்திருக்கும்.


துறையடிப் பேத்தி எழுதியது:

இந்தப் பகிடியைப் பல்கலைக்கழகத்தில் நான்கு வருடம் கேட்டேன். எங்கள் ஊர்ப் பாயில் உட்கார்ந்து, எங்கள் சோற்றையும் தயிரையும் சாப்பிட்டுவிட்டு எழும்ப மனமில்லாதவர்கள் கட்டிவிட்ட கதை அது. படத்தின் பெயர் தெரிந்தால் சொல்லுங்கள் அண்ணே.


அக்கரைப்பற்றுக் கசெட்டுக்காரர் எழுதியது:

தங்கச்சி, நான் 1986 தொடக்கம் கசெட் வாடகைக் கடை வைத்திருந்தவன். படத்தின் பெயர் எனக்குத் தெரியாது. நிறம் கெட்டதற்குக் காரணம் மட்டும் சொல்கிறேன். அமெரிக்காவில் பதிந்த கசெட் என்டிஎஸ்சி முறை. நம் நாட்டுப் பெட்டி பால் முறை. சவூதியிலோ அந்தக் காலத்தில் மூன்றாவதாகச் சீகாம் என்று ஒன்று. அங்கிருந்து வருகிறவர்களில் விவரமானவர்கள் எல்லா முறையும் ஓடுகிற டெக்காகப் பார்த்து வாங்கிவருவார்கள். மற்றவர்களுக்குப் படம் ஓடும், நிறம் வராது, அல்லது உருளும். கடைக்கு வந்து என்னோடு சண்டை பிடிப்பார்கள்.

மற்றது, கொலோன் போட்டு ஹெட் துடைத்தது தவறு. அதில் வாசனை எண்ணெய் இருக்கிறது, படிந்துவிடும். சுத்தமான ஸ்பிரிட்டும் மான்தோல் துண்டும்தான் பாவிக்க வேண்டும். பஞ்சின் நார் ஹெட்டில் மாட்டினால் அதோடு சரி. உங்கள் மாமாவின் டெக் அதன்பிறகு எத்தனை மாதம் ஓடியது என்று கேட்டுச் சொல்லுங்கள்.


திருக்கோவில் பின்னிரவு எழுதியது:

அக்கா, மிதவை என்றபோது சந்தேகம் வந்தது, வெள்ளை இறகில் உறுதியாயிற்று. 'ஐஸ் ஒஃப் ஃபயர்', நெருப்புக் கண்கள். 1983ஆம் ஆண்டுப் படம். எழுதி இயக்கியவர் ஏவரி குரவுன்ஸ்.

கதை நடப்பது 1750இல், அமெரிக்காவில் ஆங்கிலேயக் குடியேற்றங்களின் எல்லைக்கு அப்பாலுள்ள காட்டில். உங்கள் கல்யாணக்காரர் அழித்துவிட்ட பகுதியைச் சொல்கிறேன். வில் ஸ்மித் என்பவர்தான் அந்தப் பாதிரியார். (நடிகர் வில் ஸ்மித் அல்ல, இவருடைய பெயரில் எழுத்துக்கள் வேறு.) பிறன் மனைவியோடு வாழ்கிறார் என்று ஊர் அவரைத் தூக்கில் போடப்போகிறது. அந்தப் பித்துப் பிடித்த பெண், லியா, தன் சக்தியால் காப்பாற்றுகிறாள். அவரை நம்பும் கொஞ்சப்பேர் அந்த மிதவையில் ஏறி ஆற்றோடு தப்புகிறார்கள். களவெடுத்த மிதவை. உங்கள் பெத்தாவுக்கு இது தெரிந்திருந்தால் இன்னும் ஏசியிருப்பார்.

தோல் சட்டைக்காரர் மரியன் டால்டன். பாதிரியாரோடு போன பெண்ணின் கணவர் அவர். மனைவியும் மகளும் போய்விட்டதை அறிந்து பின்தொடர்ந்து வருகிறார். அமெரிக்கப் பழங்குடிகளான ஷாவ்னி மக்களோடு பழகியவர் என்பதால் இறகின் பொருள் அவருக்குத் தெரிகிறது. பள்ளத்தாக்கில் இருப்பது மண்ணிலிருந்தே எழுந்த ஒரு பிசாசு. பிடிபட்டவர்களின் உயிரை மரங்களுக்குள் அடைத்து வைக்கிறது.

கசெட்டுக்காரர் காக்காவோடு (அண்ணனோடு) ஒரு விடயத்தில் மாறுபட வேண்டியிருக்கிறது. நிறம் மாறி எரிந்தது கசெட்டின் குற்றமில்லை. குரவுன்ஸ் படம் எடுக்க வருமுன் புகைப்படக் கலைஞராக இருந்தவர். கணினி வித்தைகள் இல்லாத காலம். சுருளையே பலமுறை பதிந்து, நிறத்தைப் புரட்டி, உருவத்தின்மேல் உருவத்தை ஏற்றிச் செய்த வேலை அது. மாமா பெட்டியைத் தட்டிய இடமெல்லாம் அந்த மனிதர் மாதக்கணக்காக உழைத்த இடம். எனக்கு அந்தப் படத்தில் பிடித்ததும் அதுதான். கதை சில இடங்களில் காலில் சேறு ஒட்டியதுபோல இழுபடும், முடிவில் எல்லாம் ஒரே நேரத்தில் வெடிக்கும், யார் யாரோடு சண்டையிடுகிறார்கள் என்றே விளங்காது. ஆனால் அந்த மரங்களை வேறு எந்தப் படத்திலும் நான் காணவில்லை. மிசூரி மாநிலத்துக் காட்டில் எடுத்தார்கள்.

இப்போது பார்க்கலாம். நெடுங்காலம் தேய்ந்த கசெட்டாக மட்டுமே கைமாறியது. 2021இல் செவரின் நிறுவனம் உலகெங்குமுள்ள நாட்டார் திகில் படங்களைத் தொகுத்து ஒரு பெட்டி வெளியிட்டது. அதில் துப்புரவாக்கிய பிரதி இருக்கிறது. முதலில் வெட்டாமல் வைத்திருந்த நீளமான வடிவமும் உண்டு, அதற்கு 'கிரை ப்ளூ ஸ்கை' என்று வேறு பெயர்.

ஒன்று மட்டும் இடிக்கிறது. கோடாலி, இரத்தம், வெள்ளைத் துணி: அந்தக் காட்சி இந்தப் படத்தில் இல்லை.


அக்கரைப்பற்றுக் கசெட்டுக்காரர் எழுதியது:

படமே அப்படித்தான் என்றால் நான் என்ன செய்ய. ஆனால் கொலோன் விடயத்தில் நான் சொன்னது சொன்னதுதான்.


ஓய்ந்த வரலாற்று வாத்தியார் எழுதியது:

மகள், உங்கள் கோடாலிக் காட்சி எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். அம்பிளாந்துறையிலிருந்து கொக்கட்டிச்சோலை எத்தனை கட்டை? அங்கே கோயில்கொண்ட தான்தோன்றீஸ்வரரின் கதையை ஒருமுறை நினைத்துப் பாருங்கள். திடகன் என்ற வேடன் கொக்கட்டி மரத்தில் வெட்டினான், இரத்தம் பெருகியது, பயந்துபோய் மூடிக் கட்டினான், ஓடிப்போய்ச் சொன்னான், அங்கே சிவலிங்கம் இருந்தது. தேனுக்காக வெட்டினான் என்றும் காடு வெளியாக்கும்போது வெட்டினான் என்றும் ஆளுக்கு ஒருவிதமாகச் சொல்வார்கள். எனக்குச் சொன்னவர்கள் துணியால் கட்டினான் என்றார்கள்; மரப்பட்டையால் மூடினான் என்றும் கேட்டிருக்கிறேன். பெத்தா அன்றிரவு அந்தக் கதையைச் சொல்லியிருக்க வேண்டும். பிள்ளை மனது அதை அமெரிக்கக் காட்டுக்குள் கொண்டுபோய் நட்டுவிட்டது.

படத்தின் காலத்தைப் பற்றியும் இரண்டு சொல். 1750 என்பது சும்மா எடுத்த ஆண்டாக எனக்குத் தோன்றவில்லை. அதற்கு முந்திய வருடம், 1749 கோடையில், செலொரோன் டி பிளென்வில் என்ற பிரெஞ்சு அதிகாரி படகுகளோடு ஒகையோ ஆற்றில் இறங்கினார். கிளை ஆறுகள் வந்து சேரும் இடங்களில் ஈயத் தகடுகளைப் புதைத்துக்கொண்டே போனார். இந்த ஆறும் இதில் சேரும் ஆறுகளும் இருகரை நிலமும் பிரான்சு மன்னருடையவை என்று அவற்றில் எழுதியிருந்தது. எழுதி மண்ணுக்குள் புதைத்தால் யார் வாசிப்பது? 1798இல் மஸ்கிங்கம் ஆற்று முகத்தில் நீந்தப்போன பையன்கள் ஒரு தகட்டைக் கண்டெடுத்து, ஒரு பகுதியை உருக்கித் துப்பாக்கிக் குண்டு வார்த்துவிட்டார்கள். மிச்சம் இருக்கிறது.

ஆங்கிலேயரும் அதே நிலத்துக்குக் கம்பனி அமைத்துக்கொண்டு வந்தார்கள். 1754இல் போர் மூண்டு 1763இல் முடிந்தது. வென்ற ஆங்கிலேய அரசர் அதே ஆண்டு, அப்பலாச்சிய மலைக்கு மேற்கே குடியேறக் கூடாது என்று பிரகடனம் செய்தார். குடியேறிகள் அதை மதித்த விதம் உலகறிந்தது. ஷாவ்னி மக்கள் இவை அத்தனைக்கும் நடுவில் இருந்தவர்கள். மரத்தில் இறகு கட்டுவதும் ஒருவகையில் எல்லைக் கல்தான். தகட்டைப் போலப் புதைத்து வைக்காமல், வருகிறவன் கண்ணில் படக் கட்டியிருக்கிறார்கள்.

நமக்கும் இது புதிதில்லை. 1602இல் ஒல்லாந்தக் கப்பல் தலைவன் ஸ்பில்பேர்கன் மட்டக்களப்புக் கரையில் இறங்கினான். 1628இல் போர்த்துக்கேயர் புளியந்தீவில் கோட்டை கட்டினார்கள், பத்து வருடத்தில் ஒல்லாந்தர் பறித்தார்கள். வந்தவனுக்குக் கடல் பக்கத்து எழுவான்கரையே எல்லை. வாவிக்கு அப்பால் என்ன இருக்கிறதென்று அவனுக்குச் சரியாகத் தெரியாது. கொக்கட்டிச்சோலைக் கோயிலை இடிக்க வந்த பறங்கியனைக் கல் நந்தி எழும்பிப் புல் தின்றுவிட்டு உதைத்த கதை அந்த எல்லையில் பிறந்தது. அதை யாராவது படமாக எடுத்தால் டிக்கெட் எடுத்துப் பார்ப்பேன்.


ஏறாவூர் இளையவன் எழுதியது:

நந்தி உதைக்கும் படத்துக்கு நானும் வருகிறேன் சேர்.


துறையடிப் பேத்தி எழுதியது:

மூன்று மாதம் கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும். பின்னிரவுக்கு முதல் நன்றி. தம்பியின் மகன் கனடாவிலிருந்து வந்தபோது அந்தத் தட்டைக் கொண்டுவந்தான். கல்லடியில் எங்கள் வீட்டில், பகல் மூன்று மணிக்கு, யன்னல்களைத் திறந்து வைத்துவிட்டுப் பார்த்தேன். இரவில் பார்க்கத் துணிவில்லை.

அதுதான். மிதவை வந்தவுடனே தெரிந்துவிட்டது. அதற்கு முன்னால் தாலி ஏறும் இடத்தை மனது எதிர்பார்த்தது, அது வராதது ஏமாற்றமாக இருந்தது. கல்யாணத்துக்குக் கீழே என்ன இருந்தது என்று முப்பது வருடத்துக்கு மேல் யோசித்திருக்கிறேன்: பிரெஞ்சுப் படையாட்களின் முன்னால் பிள்ளைகள் இருக்கிறார்கள், அதிகாரிகள் கேட்கிறார்கள், ஒரு சிறுமி நடந்ததைச் சொல்கிறாள். முழுப் படமும் அவள் சொல்வதுதான். 1989இல் இதைப் பார்த்திருந்தால் எனக்கு வேறு படமாக இருந்திருக்கும். சீருடைக்காரரின் முன்னால் நின்று பதில் சொல்லும் பிள்ளைகளை அந்த வயதில் எனக்குத் தெரியும்.

வாத்தியார் சேர், நீங்கள் சொன்னதே சரி. கோடாலிக் காட்சி இல்லை. நீளமான வடிவத்தையும் பார்த்துவிட்டேன், அதிலும் இல்லை. திடகன் கதையை ஐந்தாம் வகுப்பில் படித்தவள் நான், தேருக்குப் போகும்போதெல்லாம் கேட்டவள். அது ஒரு பக்கம், படம் ஒரு பக்கம் என்று அவை ஒருநாளும் தொட்டுக்கொண்டதில்லை. உங்கள் பதிலை வாசித்தபின் கொஞ்சம் கொஞ்சமாக வந்தது: எண்ணெய் தீர்ந்து மெசின் நின்றது, பெட்டி இருண்டது, நான் அழுதேன், பெத்தா மடியில் கிடத்திக் கதை சொன்னார். மரத்துக்குள் இருப்பது எல்லாம் கெட்டதாக இருக்காது என்று என்னைத் தேற்றுவதற்காகத்தான் அந்தக் கதையை எடுத்திருக்க வேண்டும்.

பட முடிவைச் சொல்லப் போவதில்லை. பின்னிரவு சொன்னதுபோல எனக்கும் விளங்கவில்லை. ஆனால் நிறம் மாறி எரியும் இடங்கள் அழகு. மாமா தட்டிய ஒவ்வொரு இடத்திலும் என் கை தானாக எழும்பியது.

அந்த வேட்டைக்காரர் நெடுநேரம் கதைக்கும் இடம் வந்தபோது நிறுத்தி, பின்னால் ஓட்டி, மூன்றுமுறை கேட்டேன். குற்றமற்றவர்களின் இரத்தம் சிந்தினால் அது மண்ணுக்குள் இறங்கி, ஓடி, பள்ளமான இடத்தில் போய்ச் சேர்கிறதாம். சேர்ந்து சேர்ந்து அது உயிருள்ள ஒன்றாக எழும்புகிறதாம். ஷாவ்னி மக்கள் அப்படி நம்புகிறார்கள் என்று அவர் சொல்கிறார்.

மாமா அதைத்தான் சொல்லாமல் விட்டிருக்கிறார். 87ஆம் ஆண்டு தை மாதம் கொக்கட்டிச்சோலைப் பக்கத்தில் நடந்த படுகொலை இங்கே பலருக்குத் தெரியும். மாமா அப்போது சவூதியில். ஆனால் அன்றிரவு அவருக்குப் பக்கத்தில் பாயில் இருந்த இரண்டு நண்பர்களில் ஒருவருடைய தமையன் அந்தத் தை மாதத்தில் போனவர்.

மாமாவுக்கு இப்போது எழுபத்திரண்டு வயது. நேற்றுத் தொலைபேசியில் கேட்டேன். அப்படியொரு படம் போட்டதே நினைவில்லை என்கிறார். பேய்ப்படமெல்லாம் நான் எங்கே வாங்கினேன், அது கசெட் விற்றவன் எண்ணிக்கைக்காகப் பைக்குள் போட்டதாக இருக்கும் என்றார். கொஞ்சநேரம் பேச்சில்லை. பிறகு, டெக் ஆயிரத்து நானூறு ரியால் என்று சொன்னார்.

கசெட்டுக்காரர் காக்கா, நீங்கள் கேட்டதையும் மறக்காமல் கேட்டேன். அது அந்த வருடம் கார்த்திகை வரைதான் ஓடியதாம்.